பேவர் பிளாக் ஒரு ஐப்பசி மழைகூடத் தாங்கவில்லை, கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்க்காரன்:

வீடு பள்ளத்தூரில், நான் வேலைக்காகக் கோயம்புத்தூரில். வீட்டில் அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) மட்டும்தான். தை மாதம் அப்பச்சிக்குச் சாந்தி (வயது நிறைவு விழா) வைத்திருக்கிறோம். பங்காளிகள், தாயபிள்ளைகள் என்று எல்லாரும் காரில்தான் வருவார்கள். எங்கள் வீடும் இந்தப் பக்கத்து வீடுகள் மாதிரி ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்புப் பக்கம் படி உயரம், கார் ஏறாது, பின்தெரு கேட் வழியாகத்தான் உள்ளே வர முடியும். பின்கட்டு முழுக்கச் செம்மண் தரை, மழை பெய்தால் கணுக்கால் சேறு. அதனால் கேட்டிலிருந்து சமையல்கட்டுப் படி வரைக்கும் பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்று ஆவணியில் ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம்.

1,200 சதுர அடி. சதுர அடி 85 ரூபாய், கல், மண், கூலி எல்லாம் சேர்த்து. மொத்தம் 1,02,000. அதில் 80,000 கொடுத்தாகிவிட்டது, எல்லாம் ஜிபேயில். பில் என்று எதுவும் தரவில்லை.

போட்டு முடித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை இறங்கியதும் போச்சு. கார் ஓடும் இரண்டு தடமும் அப்படியே உள்வாங்கிவிட்டன, ஒரு இடத்தில் நாலு விரல் ஆழம் இருக்கும். கேட் ஓரக் கற்கள் விலகிச் சந்தில் சுண்டுவிரல் நுழைகிறது. இதையெல்லாம்விட மோசம், தண்ணீர் தெருப்பக்கம் ஓடாமல் சமையல்கட்டுப் படிக்கு வந்து நிற்கிறது. ஆத்தா அங்கே வழுக்கி விழப் பார்த்தார், நல்லவேளை தூணைப் பிடித்துக்கொண்டார்.

கான்ட்ராக்டரைக் கேட்டால், "புது மண்ணுன்னா அமுங்கத்தான் செய்யும், ரெண்டு மழை போகட்டும், மேல டஸ்ட் தூவி விடுறேன்" என்றார், டஸ்ட் என்பது கல் உடைக்கும்போது வரும் தூள். அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஆனால் மீதி 22,000 கேட்டு அப்பச்சிக்கு மட்டும் தவறாமல் போன் வருகிறது!

இன்னொரு கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள் என்கிறார். சித்தப்பா போலீசில் சொல்லலாம் என்கிறார். கொடுத்த பணம் திரும்ப வருமா, அல்லது அவரையே வைத்துச் சரிசெய்ய வைப்பதா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

---

சிவில்_மேலூர்:

முதலில் அந்த இன்னொரு கொத்தனாரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். பேவர் பிளாக்கின் நல்ல குணமே பெயர்த்துத் திரும்ப அடுக்கலாம் என்பதுதான். கல் நல்ல கல்லாக இருந்தால் அதையே திரும்பப் போடலாம், முக்கால்வாசி நேரம் தவறு கல்லில் இருக்காது, அடியில் இருக்கும்.

பள்ளம் விழுந்திருக்கும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும். சக்கரத் தடம் இரண்டும் நீளவாக்கில் அமுங்கியிருந்தால் அடித்தளம் இறுகவில்லை, அல்லது கல்லுக்கு அடியில் மணலைக் கனமாகக் கொட்டி மட்டம் பார்த்திருக்கிறார்கள். ஓரக் கல் மட்டும் வெளியே தள்ளியிருந்தால் கர்ப் (ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு) கட்டவில்லை என்று அர்த்தம். பிடிமானம் இல்லாத ஓரம் நகரும், அதன் பின்னாலேயே உள்கற்களும் நகரும். குறுக்கே ஒரே கோடாக இறங்கியிருந்தால் அங்கே பைப்புக்கோ வேறெதற்கோ பள்ளம் தோண்டி ஒழுங்காக மூடாமல் விட்டிருப்பார்கள். உங்களுக்கு முதல் இரண்டும் இருக்கிற மாதிரி தெரிகிறது, மூன்றாவது இருக்கிறதா என்று அப்பச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார் மட்டும் வந்துபோகும் இடத்துக்கு 60 மி.மீ. கல் போதும். அதற்கு அடியில் ஏறக்குறைய 30 மி.மீ. மணல், அதற்கும் அடியில் அரையடிக் கிராவலோ ஜல்லிக் கலவையோ. அந்த அரையடியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலாக உருட்டினால் பிரயோஜனம் இல்லை, நாலங்குலத்துக்கு மிகாமல் பரப்பித் தண்ணீர் தெளித்து ஒவ்வொரு அடுக்காக இறுக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் தரையை ஏறக்குறைய பத்தங்குலம் வெட்டியிருக்க வேண்டும். எவ்வளவு மண் வெட்டி வெளியே போனது என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், கேளுங்கள். டிராக்டர் டிராக்டராக மண் போகவில்லை என்றால் அடித்தளம் போடவே இல்லை.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, தனி விஷயம். பத்தடிக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் தெருப்பக்கம் இறங்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய ஒரு டியூப் மட்டம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதற்கு இன்ஜினியர் எல்லாம் வேண்டாம்.

இப்போதைக்கு எதையும் பெயர்க்க வேண்டாம். மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும்போதே வீடியோ எடுங்கள். நேரான ஒரு கம்பியைப் பள்ளத்தின் குறுக்கே வைத்து, நடுவில் ஸ்கேலை நிறுத்தி, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். "நாலு விரல்" என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது, 65 மி.மீ. என்று போட்டோவோடு காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

---

ரோலர்:

நானும் தேவகோட்டைப் பக்கம் இதே வேலைதான் செய்கிறேன், அதனால் எல்லாரும் சேர்ந்து திட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை.

கல், மண், கர்ப், கிராவல், ரோலர் வாடகை, கூலி எல்லாவற்றையும் 85 ரூபாயில் ஒருவர் முடிக்கிறார் என்றால் எதையோ விட்டுவிட்டுத்தான் முடிப்பார். கேட்கும்போதே எதெல்லாம் சேர்த்தி என்று எழுதி வாங்காவிட்டால் அவர் சொல்வதுதான் கணக்கு. இந்தப் பக்கத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது கடப்பாரை இறங்காது, அதைப் பார்த்துவிட்டு "தரை கல்லு மாதிரி இருக்கு, கிராவல் எதுக்கு" என்று பாதிப் பேர் அப்படியே டஸ்ட்டை விரித்துக் கல்லை அடுக்கிவிடுகிறார்கள். ஆவணியில் அது நிற்கும், ஐப்பசியில் நிற்காது. அந்த டஸ்ட்டும் மாவு மாதிரி இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே வண்டி ஏறினால் சந்து வழியாகக் கூழாக வெளியே வரும். உங்கள் தடத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சேறு கக்கியிருக்கிறதா பாருங்கள்.

"மேல தூவி விடுறேன்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வேலையே இல்லை.

ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டுப் போகாதீர்கள். அவர் அதைக் கல்லுக்கும் ஆளுக்கும் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார், கையில் இருக்காது. திரும்பச் செய்து கொடு என்று கேட்டால் ஆள் வருவார், பணம் என்று சொன்னால் போன் ஸ்விட்ச் ஆஃப்தான். உங்கள் கையில் 22,000 இருக்கிறதே, அதுதான் கயிறு. விட்டுவிடாதீர்கள்.

---

வாய்தா:

போலீசுக்குப் போக வேண்டாம். வேலை சரியில்லை என்பது சிவில் விவகாரம், ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசி அனுப்புவார்கள், அதற்குள் நீங்கள் இருவரும் ஜென்மப் பகையாகிவிடுவீர்கள்.

இது நுகர்வோர் வழக்குக்கு நன்றாகப் பொருந்தும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய வேலை ஒத்துக்கொண்ட தரத்தில் இல்லையென்றால் அதில் வரும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் அவசரப்பட்டு நாளைக்கே ஓட வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. புதுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் வழக்குப் போடலாம், அதாவது கோயம்புத்தூரிலேயே முடியும். என்னைக் கேட்டால் பள்ளத்தூர் இருக்கும் மாவட்டமான சிவகங்கையில் போடுவதுதான் நல்லது, இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஆணையர் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேட்கும்போது தூரம் ஒரு தொந்தரவாக வராது.

அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பெரிய கம்பெனி என்றால் அதிலேயே பலன் கிடைக்கும், உள்ளூர் கான்ட்ராக்டர் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், இருந்தாலும் பதிவு ஒன்று இருக்கட்டும்.

பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப்பில் பேசியது, அவர் அனுப்பிய ரேட், வேலை நடந்தபோது எடுத்த போட்டோ, எல்லாம் ஆதாரம்தான். போனை மாற்றினால் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது இதுதான்: இன்னொருவரை வைத்துப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டால் ஆதாரம் மண்ணோடு போய்விடும். அப்புறம் "நான் போட்டது நல்லாத்தான் இருந்தது" என்று அவர் சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. முதலில் ஒரு கடிதம். இன்ன தேதியில் வேலை முடிந்தது, இன்ன குறை, இத்தனை நாளுக்குள் வந்து பார்த்துச் சரிசெய்து தர வேண்டும், செய்தால் மீதித் தொகை தரப்படும். திட்டு, சாபம் எதுவும் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அதையே வாட்ஸ்ஆப்பிலும் போடுங்கள். "மீதி தர மாட்டேன்" என்று எங்கேயும் எழுதாதீர்கள், "வேலை சரியானதும் தருகிறேன்" என்று எழுதுங்கள். பின்னாடி ஆணையத்தில் இந்த இரண்டு வாக்கியத்துக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கும்.

---

கானாடுகாத்தான் ஆச்சி:

தம்பி, சட்டமெல்லாம் அவங்க சொல்லிட்டாங்க. நான் வேற ஒண்ணு கேக்குறேன். வளவுல, அதான் நடு முற்றத்துல, விழுற மழைத்தண்ணி உங்க வீட்ல எந்தப் பக்கமா வெளிய போகுது?

நம்ம பக்கத்து வீடுகள்ல வளவுத் தண்ணி தரைக்கு அடியில மூடு கால்வாய் வழியாத்தான் போகும், மேல கல்லுப் பலகை போட்டு மூடியிருப்பாங்க, பல வீட்ல அது பின்கட்டைத் தாண்டித்தான் தெருவுக்குப் போய்ச் சேரும். எங்க வீட்ல தரை வெட்ட ஜே.சி.பி. வந்தப்ப டிரைவருக்கு அது தெரியல, பலகையை உடைச்சு அப்படியே மண்ணைத் தள்ளி மூடிட்டான். அடுத்த மழைக்கு வளவுல முழங்காலுக்குத் தண்ணி. உங்க வீட்ல சமையல்கட்டுப் படியில தண்ணி நிக்குதுன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. வாட்டம் சரியில்லாமயும் இருக்கலாம், அடியில அடைச்சும் இருக்கலாம். அப்பச்சியக் கேளுங்க, அவங்களுக்குக் கால்வாய் எங்க ஓடுதுன்னு தெரியாம இருக்காது.

அப்புறம், அந்த ஆளை உங்களுக்குச் சொல்லிவிட்டது யாரு? அவரைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசுங்க. இந்த ஊர்ல ஒருத்தர் சொல்லி வேலை பிடிச்சவர், அவர் முகத்துக்கு நேரா போனை எடுக்காம இருக்க முடியாது.

---

பள்ளத்தூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. சனி, ஞாயிறு ஊருக்கு வந்துவிட்டேன்.

ஆச்சி சொன்னது சரி. கால்வாய் இருக்கிறது. சமையல்கட்டு மூலையிலிருந்து கேட் வரைக்கும் சாய்வாகப் போகிறது, பேவரின் மேலேயே அந்தக் கோடு லேசாக இறங்கியிருப்பது இப்போது பார்த்தால் தெரிகிறது. வேலை தொடங்கிய அன்றே கான்ட்ராக்டரிடம் காலால் கோடு கிழித்துக் காட்டினேன் என்கிறார் அப்பச்சி. கான்ட்ராக்டர் என்ன சொல்வார் என்று தெரியும்.

கடிதம் அனுப்பினேன். கூடவே அவரைச் சொல்லிவிட்ட காரைக்குடி ஹார்டுவேர் கடைக்காரரிடமும் நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலமே போன் வந்தது, "தம்பி, லெட்டர் எல்லாம் எதுக்கு" என்று.

மறுநாள் அவர் வந்தார், கடைக்காரரும் கூட வந்தார். ரெண்டு பேர் முன்னாலேயே தடத்தில் ஒரு இடம், தடத்துக்கு வெளியே ஒரு இடம் என்று கற்களை எடுத்துப் பார்த்தோம். கல்லுக்கு அடியில் மூணங்குலம் டஸ்ட், ஈரமாக, கையில் பிடித்தால் உருண்டையாகிறது. அதற்குக் கீழே நேரே செம்மண். கிராவல் ஒரு கைப்பிடிகூட இல்லை. வீட்டில் கிடந்த அரையங்குலக் கம்பியை ஒரு கையால் அழுத்தினேன், ஒரு சாணுக்கு மேல் இறங்கியது. ரோலர் அண்ணன் சொன்ன சாம்பல் சேறும் தடத்தின் ஓரமெல்லாம் இருக்கிறது.

அவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ரேட் சீட்டை மறுபடி திறந்து பார்த்தேன், கையால் எழுதிப் போட்டோ எடுத்தது. அதில் "கிராவல் 6 இஞ்ச், ரோலிங் உட்பட" என்று அவரே எழுதியிருக்கிறார். காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஆளுங்க சரியாகச் செய்யவில்லை, நான் அன்னைக்கு வேற சைட்டில் இருந்தேன் என்றார். கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எடுத்துத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் கிராவலுக்குப் பாதி விலை நீங்கள் கொடுங்கள் என்கிறார், கால்வாயை நான் உடைக்கவில்லை என்கிறார். மீதி 22,000ஐயும் இப்போதே கொடுத்தால் நாளைக்கே ஆள் வரும் என்கிறார். என்ன சொல்லட்டும்?

---

வாய்தா:

சீட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும் கிராவலுக்கு நீங்கள் இரண்டாவது தடவை காசு கொடுக்கப் போகிறீர்களா? கூடாது. அந்த ஒரு வரி உங்கள் வழக்கில் பாதி.

---

சிவில்_மேலூர்:

கிராவல் விஷயத்தில் வாய்தா சொன்னதுதான். கால்வாயில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், காட்டினேன், காட்டவில்லை என்று பேச ஆரம்பித்தால் அதற்குச் சாட்சி கிடையாது, தை வந்துவிடும். பலகைக் கல் செலவு உங்களுடையது, தோண்டுவதும் மூடுவதும் அவருடையது என்று முடித்துக்கொள்ளுங்கள். பேவரைப் பெயர்த்திருக்கும்போதே அதைச் செய்தால்தான் உண்டு.

பணத்தை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். கிராவலை இறுக்கி முடித்து, கல் அடுக்குவதற்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், அப்போது 10,000. கம்பியை வைத்து அழுத்திப் பாருங்கள், இறங்கக் கூடாது. டியூப் மட்டமும் அப்போதே பிடித்துவிடுங்கள், வாட்டம் கிராவலிலேயே வந்துவிட வேண்டும், மணலில் வாட்டம் கொண்டுவருகிறேன் என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள். கல் அடுக்கி, கர்ப்புக்குக் கான்கிரீட் அணைத்து, சந்துக்குக் காய்ந்த மணலைப் பெருக்கி வைப்ரேட்டர் ஓட்டியதும் 7,000. மீதி 5,000 ஒரு நல்ல மழை பார்த்த பிறகு. இதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கடைக்காரரையும் சாட்சியாகப் போடச் சொல்லுங்கள்.

டஸ்ட்டைத் திரும்பப் பயன்படுத்த விடாதீர்கள். அள்ளி வெளியே கொட்டச் சொல்லிவிட்டுக் கரடான எம்.சாண்ட் கேளுங்கள்.

கல்லையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி எடை போடுங்கள். பேவர் கல்லுக்கான ஐ.எஸ். 15658 தரத்தில் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது, அதாவது நாலு கிலோ கல் 240 கிராமுக்கு மேல் கூடக் கூடாது. வீட்டுத் தராசில் பார்ப்பது தோராயம்தான். சந்தேகம் வந்தால் காரைக்குடியிலேயே அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, சிவில் துறையில் சோதித்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

---

ரோலர்:

நிறுத்தி வைக்கும் தொகையைக் கேட்டு அவர் கோபப்படுவார், பட்டுவிட்டுப் போகட்டும். கம்பாக்டர் வாடகைக்கு எடுக்காமல் திம்சுக்கட்டையால் இடிக்கிறேன் என்பார், அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1,200 சதுர அடியைக் கையால் இடித்து இறுக்கிய மனுஷனை நான் இன்னும் பார்க்கவில்லை.

---

பள்ளத்தூர்க்காரன்:

தகவலுக்காக எழுதுகிறேன், வேலை முடிந்துவிட்டது.

தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும்போது அவர் முகம் சரியில்லை, ஆனால் போட்டார். கல் தேறிவிட்டது, நாலு கல்லை ஊறவைத்துப் பார்த்ததில் எதுவும் 200 கிராம் தாண்டவில்லை. ஓரத்தில் உடைந்தவற்றுக்குப் பதில் புதுக்கல் அவரே கொண்டுவந்தார். கால்வாயைத் திறந்தபோது ஆச்சி சொன்ன மாதிரியே பலகைக் கல் இரண்டாக உடைந்து உள்ளே கிடந்தது, மேலே முழுக்க மண். உடைந்தது புது உடைப்பு, பார்த்தாலே தெரிகிறது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. பலகைக்குப் பதில் கம்பி போட்டு வார்த்த சிலாப் வைத்தோம், அந்தச் செலவை நான் கொடுத்துவிட்டேன்.

கிராவல் இறுகியதும் வீடியோ காலில் காட்டினார், அப்பச்சி கம்பியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மூலையிலும் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். 10,000 போனது. அடுக்கி முடித்ததும் 7,000 போனது.

போன வாரம் ராத்திரி முழுக்க மழை. சமையல்கட்டுப் படியில் தண்ணீர் இல்லை, தடம் அப்படியே இருக்கிறது. ஆனால் கேட்டுக்கு உள்பக்கம் இடது மூலையில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, வெளியே போகவில்லை. அதனால் 5,000 இன்னும் என்னிடம்தான். அவர் ஒரு மூலைக்குப் போய் இப்படிச் செய்யலாமா என்று வருத்தப்படுகிறார். கொடுத்துவிடவா?

---

ரோலர்:

கேட் தள்ளுற கேட்டா? அடியில் தண்டவாளம் இருந்தால் அது கல்லைவிட உயரமாக இருக்கிறதா பாருங்கள். தண்ணீரை அது தடுத்தால் கான்ட்ராக்டர் மேல் தப்பில்லை, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு பைப் விட்டால் போதும். கல் உள்வாங்கி நின்றால் அந்த மூலையை மட்டும் எடுத்துப் போடச் சொல்லுங்கள், அரை நாள் வேலை, அதற்கப்புறம் கொடுங்கள்.

---

பள்ளத்தூர்க்காரன்:

ஆமாம், தள்ளுற கேட்தான். அப்பச்சியை மட்டம் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.